பட்டனைக் குறைத்து பயத்தைப் போக்கியவர்: வீடியோ கேமை எல்லா வயதினருக்கும் எளிதாக்கிய குன்பெய் யோகோய் யார்?

முத்துக்குளித்துறை எனப் பெயர் பெற்ற தூத்துக்குடி கடற்கரையில், சோழி போட்டுப் பல்லாங்குழி ஆடி வளர்ந்த பாட்டிகளுக்கு விளையாட்டு ஒண்ணும் புதுசு இல்லை. ஆனால் பேரன் கேம் கன்ட்ரோலரை நீட்டினால் மட்டும் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். காரணம், அதில் இருக்கும் ஏகப்பட்ட பட்டன்கள். இந்தத் தயக்கத்தை உடைக்க வழி போட்டவர் ஜப்பானைச் சேர்ந்த குன்பெய் யோகோய்.

யார் இவர்?

1941 செப்டம்பர் 10-ல் கியோட்டோவில் பிறந்தார். டோஷிஷா பல்கலைக்கழகத்தில் மின்னணுவியல் படித்துவிட்டு, 1965-ல் நிண்டெண்டோவில் சேர்ந்தார். அப்போது அது சீட்டுக்கட்டு கம்பெனி. இவருக்கு மெஷின்களைப் பராமரிக்கும் வேலை. சும்மா பொழுதுபோக்காக, நீட்டி மடக்கும் கை ஒன்றைச் செய்தார். அது தலைவர் ஹிரோஷி யமாவுச்சியின் கண்ணில் பட்டது. 1966-ல் 'அல்ட்ரா ஹேண்ட்' என்ற பெயரில் பொம்மையாக வந்து, 10 லட்சத்துக்கு மேல் விற்றது.

ரயிலில் கிடைத்த ஐடியா

புல்லட் ரயிலில் பயணி ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டர் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்ததை யோகோய் கவனித்தார். அதிலிருந்து பிறந்ததுதான் 1980-ல் வந்த 'கேம் அண்ட் வாட்ச்'. உள்ளங்கைக்குள் அடங்கும், நேரமும் காட்டும். முதல் கேமை ஆட இடது, வலது என ரெண்டே பட்டன். 1982-ல் சிலுவை வடிவ திசை பட்டனைக் கொண்டுவந்தார். குனிந்து பார்க்காமலேயே கட்டைவிரலால் திசை மாற்றலாம். இன்றுவரை கன்ட்ரோலர்களில் அது இருக்கிறது.

கலர் இல்லாமலே ஜெயித்த கேம் பாய்

புதுசா வந்த விலை உயர்ந்த தொழில்நுட்பம் தேவையில்லை, பழகிப்போன மலிவான பொருளையே புது விதமாகப் பயன்படுத்தலாம் என்பதுதான் இவரது கொள்கை. 1989-ல் வந்த கேம் பாய்க்குக் கலர் திரை கிடையாது. நாலு பென்சில் பேட்டரி போட்டால் 10 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. கலரில் வந்த போட்டி கருவிகள் பேட்டரியை வேகமாகக் குடித்தன. அமெரிக்காவில் கேம் பாயோடு சேர்த்துக் கொடுத்த டெட்ரிஸ், கேமே ஆடாத பெரியவர்களையும் இழுத்தது.

சறுக்கலும் முடிவும்

1995-ல் இவர் உருவாக்கிய 'வெர்ச்சுவல் பாய்' படுதோல்வி. கண்ணை வைத்துப் பார்க்கும் பெட்டி அது. உள்ளே சிவப்பு, கருப்பு மட்டுமே. எளிமையை விட்டு விலகிய கருவியை மக்கள் ஏற்கவில்லை. 1996-ல் நிண்டெண்டோவை விட்டு வெளியேறி, 'கோட்டோ' நிறுவனத்தைத் தொடங்கினார். 1997 அக்டோபர் 4-ல் நெடுஞ்சாலை விபத்தில் உயிரிழந்தார். வயது 56.

பெரியவர்களுக்கு என்ன மிச்சம்?

முதியோருக்கென்று தனியாக கேம் செய்தவர் அல்ல யோகோய். ஆனால் 1982-ல் அவர் கொண்டுவந்த மடக்கும் இரட்டைத் திரை, 2004-ல் நிண்டெண்டோ டிஎஸ் கருவியில் திரும்ப வந்தது. அதில் 2005-ல் வந்த மூளைப் பயிற்சி கேமுக்குப் பட்டன் பழக்கமே வேண்டாம். கருவியைப் புத்தகம்போல் பிடித்து, பேனா மாதிரி குச்சியால் விடையை எழுதினால் போதும். 2006-ல் வந்த 'வீ' கருவியின் கன்ட்ரோலரோ டிவி ரிமோட் மாதிரி. கையை வீசினால் பந்து உருளும். வெளிநாடுகளில் முதியோர் இல்லங்களில்கூட அதில் பவுலிங் ஆடினார்கள்.

வீட்டுப் பெரியவர்களுக்கு கேம் தேடுபவர்கள் யோகோய் வழியில் மூணு விஷயம் பார்த்தால் போதும்: பட்டன் குறைவா, கைக்குப் பழகிய பொருள் மாதிரி இருக்கா, விதி ஒரு நிமிஷத்தில் புரியுதா?