ஆன்டன் வான் லீவன்ஹூக்

ஆன்டன் வான் லீவன்ஹூக் (அக்டோபர் 24, 1632 – ஆகஸ்ட் 26, 1723) நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரைச் சேர்ந்த துணி வணிகரும் அறிவியலாளரும் ஆவார். பாக்டீரியாக்களையும் ஒருகல உயிரிகளையும் முதன்முதலில் கண்டு விவரித்தவர் இவரே. நுண்ணுயிரியலின் தந்தை என அழைக்கப்படுகிறார். நுண்ணோக்கியைக் கண்டுபிடித்தவர் இவர் எனப் பலர் கருதுவது தவறு. கூட்டு நுண்ணோக்கி இவர் பிறப்பதற்கு முன்பே புழக்கத்தில் இருந்தது.

வாழ்க்கை

லீவன்ஹூக்கின் தந்தை கூடை முடைபவர்; மகனின் சிறு வயதிலேயே இறந்துவிட்டார். லீவன்ஹூக் பல்கலைக்கழகம் எதிலும் பயிலவில்லை. அக்கால அறிஞர்களின் மொழியான இலத்தீனும் அறியார். 1648 இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஒரு துணி வணிகரிடம் தொழில் பழகச் சென்றார். 1654 இல் டெல்ஃப்டுக்குத் திரும்பித் திருமணம் செய்துகொண்டு சொந்தக் கடை தொடங்கினார். இவருடைய ஐந்து குழந்தைகளுள் மரியா என்ற மகள் மட்டுமே பிழைத்து வளர்ந்தார். 1660 இல் நகர மன்றத்தில் ஒரு பணியும் கிடைத்தது. அதன் வருவாய் பிற்கால ஆய்வுகளுக்குக் கைகொடுத்தது. புகழ்பெற்ற ஓவியர் வெர்மீர் இதே ஊரில் இதே ஆண்டில் பிறந்தவர். அவர் இறந்த பின் அவரது சொத்துக்களைக் கவனிக்க 1676 இல் நியமிக்கப்பட்டவர் லீவன்ஹூக்.

துணியின் இழைகளை எண்ணிப் பார்க்க உருப்பெருக்கி வில்லையைப் பயன்படுத்துவது அக்கால வணிகர்களின் வழக்கம். வில்லைகளின் மீதான இவரது நாட்டம் கடையிலேயே தொடங்கியிருக்கக்கூடும்.

கண்ணின் எல்லையும் ஒற்றை வில்லையும்

நல்ல பார்வை உடையவர் 25 செ.மீ. தொலைவில் வைத்துப் பார்க்கும்போது, ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்தறிய இயலாது. தலைமயிரின் தடிமன் இந்த எல்லையை ஒட்டியது. குருதிச் சிவப்பணுவின் விட்டமோ 0.007 மி.மீ. அளவினது. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.001 முதல் 0.002 மி.மீ. வரையே இருப்பதால், அவற்றைக் கண்ணின் எல்லைக்குள் கொண்டுவருவதற்கே 50 முதல் 100 மடங்கு உருப்பெருக்கம் தேவை. அதற்கு மேலும் பெருக்கினால்தான் வடிவம் புலப்படும். அன்றைய கூட்டு நுண்ணோக்கிகளில் வில்லைகளின் குறைகள் ஒன்றோடொன்று சேர்ந்து, படிமம் மங்கலாகவும் நிற விளிம்புகளுடனும் தெரிந்தது.

லீவன்ஹூக் ஒற்றை வில்லையையே நாடினார். தனி வில்லையின் உருப்பெருக்கத்தை 250 ஐ அதன் மில்லிமீட்டர் குவியத் தூரத்தால் வகுத்துப் பெறலாம். எனவே 1 மி.மீ. குவியத் தூரம் 250 மடங்கு உருப்பெருக்கம் தரும். இதற்கு ஏறக்குறைய 1.3 மி.மீ. விட்டமுள்ள கண்ணாடி மணி ஒன்று போதும். அத்தகைய வில்லையை இரு சிறிய உலோகத் தகடுகளுக்கு இடையே பொருத்தி, பொருளை ஊசி முனையில் ஏந்தி, திருகாணிகளால் நகர்த்தி, கண்ணுக்கு மிக அருகில் பிடித்து இவர் பார்த்தார். இவ்வகைக் கருவிகள் 500க்கு மேல் செய்தார். இன்று எஞ்சியிருப்பவை மிகச் சிலவே. அவற்றுள் உட்ரெக்ட் நகரில் உள்ளது ஏறத்தாழ 266 மடங்கு பெருக்குகிறது.

கண்டுபிடிப்புகளும் ஐயமும்

1673 இல் மருத்துவர் டி கிராஃப் இவரை இலண்டன் அரச கழகத்திற்கு (ராயல் சொசைட்டி) அறிமுகப்படுத்தினார். அதன்பின் ஏறத்தாழ 50 ஆண்டுகள் இவர் டச்சு மொழியில் மடல்கள் எழுதி அனுப்பினார். 1674 இல் ஏரி நீரில் நுண்ணிய உயிரிகளைக் கண்டார். மிளகின் காரத்திற்குக் காரணம் அதன் துகள்களில் உள்ள முட்களாக இருக்கலாம் எனக் கருதி மிளகை நீரில் ஊறவைத்தார். முட்கள் எவையும் தென்படவில்லை. மாறாக, எண்ணற்ற உயிரிகள் நீந்தின. இதனை 1676 அக்டோபரில் எழுதிய மடலில் விவரித்தார்.

கழகத்தினர் நம்பத் தயங்கினர். வேறு எவரும் காணாத ஒன்றை, பட்டம் பெறாத கடைக்காரர் ஒருவரின் சொல்லை மட்டும் கொண்டு ஏற்பது எளிதன்று. லீவன்ஹூக் மதகுருமார் உள்ளிட்ட எண்மரை அழைத்துக் காட்டி, அவர்களது சாட்சியத்தை 1677 இல் அனுப்பிவைத்தார். முதல் முயற்சிகளில் இலண்டனில் எதுவும் தென்படவில்லை. அதே ஆண்டு நவம்பரில் ராபர்ட் ஹூக் மிளகு ஊறிய நீரில் அவ்வுயிரிகளைக் கண்டு உறுதிசெய்தார். 1680 இல் லீவன்ஹூக் கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

விந்தணுக்கள் (1677), பல் அழுக்கில் வாழும் பாக்டீரியாக்கள் (1683) ஆகியவையும் இவர் கண்டவை. தானிய வண்டுகள் தானியத்திலிருந்து தாமாகத் தோன்றுவதில்லை, முட்டையிலிருந்தே வருகின்றன எனவும் காட்டினார். 1698 இல் உருசியப் பேரரசர் முதலாம் பீட்டருக்கு விலாங்கு மீனின் வாலில் ஓடும் குருதியைக் காட்டினார்.

மறைத்த முறை

தமது மிகச் சிறந்த வில்லைகளையும் பார்க்கும் முறையையும் லீவன்ஹூக் எவருக்கும் கற்பிக்கவில்லை; சீடர் எவரையும் உருவாக்கவில்லை. இவரது பெருங்குறை இதுவே எனலாம். இவருக்குப் பின் பாக்டீரியா ஆய்வு நெடுங்காலம் முன்னேறவில்லை. அவற்றிற்கும் நோய்களுக்கும் உள்ள தொடர்பு 19ஆம் நூற்றாண்டில்தான் நிறுவப்பட்டது. 2021 இல் வெளியான நியூட்ரான் படமெடுப்பு ஆய்வு ஒன்று, உட்ரெக்ட் கருவியில் இருப்பது கண்ணாடியை உருக்கிச் செய்த சிறு மணி எனக் காட்டியது. இம்முறையை ஹூக் தமது மைக்ரோகிராஃபியா நூலில் 1665 இலேயே வெளியிட்டிருந்தார்.

இறுதி நாட்கள்

1723 இல் தம் உதரவிதானத்தில் ஏற்பட்ட துடிப்புகளையும் லீவன்ஹூக் மடலில் விவரித்தார். அந்நோய் இன்று இவர் பெயராலேயே வழங்குகிறது. தம் 90ஆம் வயதில் காலமான இவரது உடல் டெல்ஃப்டின் பழைய தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அரச கழகத்திற்கு இவர் விட்டுச்சென்ற 26 வெள்ளி நுண்ணோக்கிகள் 19ஆம் நூற்றாண்டில் காணாமற்போயின.