ஆரையுயிர்களும் அறிஞர் குவியேயும்

வண்டிச் சக்கரத்தின் குடத்தினின்று ஆரக்கால்கள் விரிந்து நிற்றலை நாம் நாடோறும் காண்கின்றோம். கடல்வாழ் உயிர்களுட் சில அவ்வண்ணமே நடுவினின்று விரிந்த உறுப்புக்களை உடையன. அவற்றை ஆரையுயிர்கள் என ஓரினமாகத் தொகுத்தவர் ஜார்ஜ் குவியே என்னும் பேரறிஞர்.

இவர் 1769ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் மொன்பெலியார் நகரில், லுத்தரன் சபையைச் சார்ந்த எளிய குடும்பத்திற் பிறந்தார். ஸ்டுட்கார்ட்டிற் கல்வி முடித்தபின் 1788இல் நார்மண்டியில் பிரபு ஒருவர் மனையில் ஆசிரியராய் அமர்ந்தார். தலைநகரிற் புரட்சிப் புயல் வீசிய அந்நாட்களில், இவ்விளைஞர் கடல்வாழ் உயிர்களை அறுத்து ஆராய்ந்து ஓவியந் தீட்டிவந்தார். அவ்வுழைப்பின் பயனாக 1795இற் பாரிசுக்கு அழைக்கப்பெற்றார்.

அகவுறுப்பின் அமைப்பே விலங்குகளைப் பகுத்தற்கு அளவுகோல் என்பது இவர்தங் கொள்கை. 1812இல் விலங்குலகை முதுகெலும்புடையன, மெல்லுடலின, கணுவுடலின, ஆரையுடலின என நான்காகப் பகுத்தார். 1817இல் வெளியிட்ட பெருநூலில் அதனை விரித்துரைத்தார்.

ஆரையுயிர்களைப் பேசுதற்குத் தனிச்சொற்கள் வேண்டும். நட்சத்திர மீனுக்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஆதலின் வாய் அமைந்த பக்கம் வாய்ப்புறம் எனவும், மறுபக்கம் எதிர்வாய்ப்புறம் எனவும், அவ்விரண்டையும் ஊடுருவும் கோடு அச்சு எனவும் பெயர்பெறும். கைகள் விரியுந் திசைகள் ஆரைகள்; அவற்றின் இடைப்பட்டன இடையாரைகள். நட்சத்திர மீனுக்கு ஆரைகள் பெரும்பாலும் 5; சொறிமீனுக்குப் பெரும்பாலும் 4.

எனினும் குவியே ஓரிடத்திற் சறுக்கினார். ஆரைவடிவு விளங்காத குடற்புழுக்களையும் நுண்ணுயிர்களையுங்கூட இவ்வினத்துள் அடக்கினார். மக்கள் நால்வரையும் தமக்கு முன்னரே இழந்தும் ஆராய்ச்சியைக் கைவிடாத அப்பெரியார், 1832ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் மறைந்தார். 15 ஆண்டுகள் சென்றபின், லாய்க்கார்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் சொறிமீன் முதலியவற்றையும் நட்சத்திர மீன் முதலியவற்றையும் வெவ்வேறினம் எனப் பிரித்தார். முன்னவற்றிற்கு உடலினுள் உள்ள குழி இரைக்குழி ஒன்றே. பின்னவற்றிற்கோ குடல் வேறு, உடற்குழி வேறு. அன்றியும், நட்சத்திர மீன் குஞ்சுப்பருவத்தில் வலமும் இடமும் ஒத்த வடிவிலேயே நீந்துகின்றது. ஆரைவடிவு பின்னரே வருவது. புறத்தோற்றம் ஒத்தமையால் உறவும் ஒத்துவிடாது என்பது தெளிவாயிற்று.

குவியேயின் பகுப்பு வீழ்ந்தது; ஆயின் அதனை வீழ்த்தியது அவர் கற்பித்த அளவுகோலே. தம் முடிபையும் திருத்தவல்ல நெறியொன்றை மாணவர் கையில் ஈந்து செல்லும் ஆசிரியர்க்கு, அதனினும் மேலான வெற்றி வேறு யாதுளது?