வர்ஜீனியா ஆப்கார்

வர்ஜீனியா ஆப்கார் (ஜூன் 7, 1909 – ஆகஸ்ட் 7, 1974) ஓர் அமெரிக்க மருத்துவர் ஆவார். பிறந்த குழந்தையின் உடல்நிலையை மதிப்பிட இவர் வகுத்த ஆப்கார் மதிப்பெண் முறை உலகெங்கும் பயன்படுகின்றது. வெவ்வேறு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளை ஒரே அளவுகோலால் ஒப்பிட இம்முறை வழிசெய்தது.

வாழ்க்கையும் கல்வியும்

நியூ செர்சி மாநிலத்தின் வெசுட்டுபீல்டு நகரில் பிறந்தார். இவருடைய அண்ணன் ஒருவர் இளவயதிலேயே காசநோயால் இறந்தார். 1933-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று அறுவை மருத்துவப் பயிற்சியில் சேர்ந்தார். பெண்களுக்கு அத்துறையில் வாய்ப்பு அரிதாக இருந்ததால், பேராசிரியர் ஆலன் விப்பிளின் அறிவுரைப்படி மயக்க மருந்தியலுக்கு மாறினார். 1949-இல் அக்கல்லூரியின் முதல் பெண் முழுநிலைப் பேராசிரியரானார்.

ஆப்கார் மதிப்பெண்

அக்காலத்தில் பிறந்த குழந்தையின் நிலையை ஒவ்வொரு மருத்துவரும் தத்தம் போக்கில் விவரித்தனர். இதனால் ஒருவர் குறிப்பை மற்றொருவர் குறிப்புடன் ஒப்பிட இயலவில்லை. ஆப்கார் 1952-இல் தம் முறையை முன்வைத்து 1953-இல் வெளியிட்டார். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்தில் இதயத் துடிப்பு, மூச்சு, தசை இறுக்கம், தூண்டலுக்கு மறுவினை, தோல் நிறம் ஆகிய ஐந்தும் நோக்கப்படும். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2 என மொத்தம் 10 மதிப்பெண்கள். பிரசவம் பார்த்தவர் தம் பணிக்குத் தாமே மதிப்பெண் இடாமல், வேறொருவரே இட வேண்டும் என்றும் இவர் பரிந்துரைத்தார்.

நிறைமாதக் குழந்தைகளுள் 0 முதல் 2 வரை பெற்றோரில் 14 விழுக்காட்டினரும், 8 முதல் 10 வரை பெற்றோரில் 0.13 விழுக்காட்டினரும் இறந்ததாக முதல் ஆய்வு காட்டியது. 1958-இல் வெளியான இரண்டாம் ஆய்வில் 15,348 குழந்தைகள் இடம்பெற்றனர். பின்னர் 12 மருத்துவ நிறுவனங்கள் இணைந்து நடத்திய அமெரிக்க ஆய்வில், ஐந்தாம் நிமிட மதிப்பெண் இறப்பு வாய்ப்பை இன்னும் நன்கு காட்டுவதாக அறியப்பட்டது.

ஒப்பீட்டின் வரம்புகள்

தோல் நிறம் ஐந்தனுள் மிகவும் நிறைவளிக்காத அறிகுறி என ஆப்காரே குறிப்பிட்டார். குறைமாதக் குழந்தைகள் இயல்பாகவே குறைந்த மதிப்பெண் பெறுவர். ஆகவே அத்தகைய குழந்தைகளை மிகுதியாக ஏற்கும் மருத்துவமனையின் சராசரி தாழ்ந்திருப்பது, அதன் கவனிப்புக் குறைவுக்குச் சான்றாகாது. இக்குறையைக் களையப் பிற்கால முறைகள் தோன்றின. 1993-இல் வெளிவந்த கிரிப் முறை பிறப்பு எடை, கருவயது, பிறவிக் குறைபாடு முதலியவற்றைக் கணக்கில் கொண்டது. இந்தியாவில் தேசியப் பச்சிளங்குழந்தை மருத்துவ மன்றம் 2002-03-இல் 18 மருத்துவமனைகளிலிருந்து ஒரே வரையறைகளின்படி தரவுகளைத் திரட்டியது.

பிற்காலம்

1959-இல் ஜான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரத்தில் முதுநிலைப் பட்டம் பெற்றார். பின் மார்ச்சு ஆப் டைம்சு அமைப்பில் சேர்ந்து பிறவிக் குறைபாடுகளைத் தடுக்கப் பணியாற்றினார். நரம்பிசைக் கருவிகளை இசைப்பதிலும் செய்வதிலும் ஈடுபாடு கொண்டிருந்தார். திருமணம் செய்துகொள்ளவில்லை. நியூயார்க்கில் காலமானார். 1994-இல் அமெரிக்க அஞ்சல் துறை இவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது.