ஆலன் டூரிங்

போர் என்றவுடன் பீரங்கியும் விமானமும் நம் நினைவில் எழுகின்றன. ஆயின், இரண்டாம் உலகப் பெரும்போரில் படைக்கலம் எதனையும் ஏந்தாது, மேசையின்முன் அமர்ந்து எண்களைக் கூட்டியும் கழித்தும் மாலுமிகள் பலருடைய உயிரைக் காத்த அறிஞர் ஒருவர் உண்டு. அவரே ஆங்கிலக் கணித மேதையாகிய ஆலன் டூரிங் ஆவார்.

அவர் 1912ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 23ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் ஜூலியஸ் டூரிங் அந்நாளைய சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணி புரிந்தவர். அன்னையார் சாரா கோயமுத்தூரை அடுத்த போத்தனூரிலே பிறந்தவர். அவருடைய தந்தையார் சென்னை இருப்புப்பாதையில் தலைமைப் பொறியாளராக விளங்கினார். பெற்றோர் இந்தியாவில் வாழ்ந்தமையால், டூரிங் இளமையில் இங்கிலாந்தில் பிறர் இல்லத்தில் வளர்ந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று, 1936இல் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை வரைந்தார். விதிகளின்படி கணக்கிடும் ஒரு பொறியை அதில் அவர் கற்பனை செய்து காட்டினார். இன்றைய கணிப்பொறிகளுக்கு அக்கட்டுரை அடிப்படையாயிற்று.

1939ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரிட்டன் போரில் இறங்கியது. மறுநாளே, அஃதாவது 4ஆம் நாள், டூரிங் பிளெட்சிலி பார்க் என்னும் மாளிகையில் இயங்கிய மறைமொழி ஆராய்ச்சி நிலையத்தில் பணியேற்றார். ஜெர்மானியர் தம் செய்திகளை எனிக்மா என்னும் பொறியால் மறைத்து வானொலி வழியே அனுப்பினர். அது தட்டச்சுப் பொறி போன்றது. ஓர் எழுத்தை அழுத்துந்தோறும் உள்ளிருக்கும் சக்கரம் நகர்வதால், அதே எழுத்து அடுத்த முறை வேறோர் எழுத்தாக மாறும். இப்பொறியின் மறையை முதன்முதலில் 1932இல் அவிழ்த்தவர் போலந்து நாட்டு அறிஞர்கள். அவர்கள் 1939 ஜூலையில் தம் அறிவைப் பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் வழங்கினர். அவ்வடிப்படையின்மேல் டூரிங் கட்டடம் எழுப்பினார். மறையை விரைந்து அவிழ்க்க அவர் வகுத்த பெரும்பொறி 1940இல் இயங்கத் தொடங்கியது.

ஜெர்மானியக் கடற்படையின் மறையோ எளிதில் அவிழவில்லை. பிரிட்டனுக்கு வேண்டிய உணவும் எண்ணெயும் அட்லாண்டிக் பெருங்கடல் வழியே வந்தன. நீர்மூழ்கிக் கப்பல்கள் அக்கப்பல்களைத் தாக்கி மூழ்கடித்தன. கடற்படையினர் எட்டுச் சக்கரங்களுள் மூன்றைத் தெரிந்து பொறியில் இட்டனர்; ஆகவே சக்கர வரிசைகள் 336 ஆயின. அத்தனையையும் நாள்தோறும் ஆராயப் போதிய பொறிகள் இல்லை. பலரும் கைவிட்ட அவ்வேலையை டூரிங் தாமே விரும்பி ஏற்றார்.

எம்மொழியிலும் எல்லா எழுத்துகளும் ஒரே அளவில் வழங்குவதில்லை. சில மிகுதியாகவும் சில அரிதாகவும் வரும். அதனால் ஜெர்மானியச் செய்திகள் இரண்டை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினால், ஏறத்தாழ 17 இடங்களுக்கு ஓரிடத்தில் மேலும் கீழும் ஒரே எழுத்து நிற்கும். பொறியின் ஒரே நிலையில் மறைக்கப்பட்டவையாயின், மறைத்த பின்னும் இவ்வொற்றுமை அழியாது. நிலைகள் வேறாயின், 26 இடங்களுக்கு ஒன்றே ஒத்து வரும். இச்சிறு வேறுபாடே டூரிங் பற்றிய கொழுகொம்பு.

செய்திகளை நீண்ட தாள்களில் துளைகளாக இட்டனர். ஒரு தாளின்மேல் மற்றொன்றை வைத்து ஓரோர் இடமாக நகர்த்தி, துளையொடு துளை பொருந்தும் இடங்களை எண்ணினர். இளமகளிர் பலர் இரவும் பகலும் இப்பணியில் ஈடுபட்டனர். பொருத்தம் தற்செயலாகவும் நிகழக்கூடும் என்பதால், சான்றுகளை எடையிட டூரிங் ஓர் அளவை வகுத்தார். ஒன்று உண்மையாதற்குரிய வாய்ப்பைப் பத்து மடங்காக்கும் சான்றின் எடை ஒரு 'பான்'. தாள்கள் அச்சான பான்பரி என்னும் ஊரின் பெயரால் அது வழங்கியது. அதில் பத்திலொரு பங்கு 'டெசிபான்'. ஓரெழுத்து ஒத்தால் ஏறத்தாழ இரண்டு டெசிபான் கூட்டுவர். ஒவ்வாவிடில் ஏறத்தாழப் பத்தில் ஒன்று கழிப்பர். கூட்டுத்தொகை இருபதை எட்டின், வாய்ப்பு நூறு மடங்கு பெருகியது என்பது பொருள். இவ்வாறு தேர்ந்த சான்றுகளைக் கோத்து, அன்றைய சக்கரங்கள் எவையென உய்த்துணர்ந்தனர். 336 வரிசைகள் சில நாட்களில் இருபதுக்கும் கீழாகக் குறைந்தன. எஞ்சியவற்றைப் பெரும்பொறி ஆராய்ந்து முடித்தது.

1941இல் கடற்படைச் செய்திகள் தொடர்ந்து வெளிப்படலாயின. பகைவர் பதுங்கிய வழியை விட்டுக் கப்பல்கள் விலகிச் சென்றன. 1942 பிப்ரவரியில் நீர்மூழ்கிகளின் பொறியில் நான்காம் சக்கரம் ஒன்று சேர்க்கப்படவே, ஏறத்தாழப் பத்துத் திங்கள் மீண்டும் இருள் சூழ்ந்தது. அவ்வாண்டு அக்டோபரில், மூழ்கிக்கொண்டிருந்த பகைக்கப்பல் ஒன்றினுள் இறங்கிய பிரிட்டிஷ் மாலுமிகள் குறிப்பேடுகளை மீட்டனர். அவர்களுள் இருவர் கப்பலோடு மூழ்கி மாண்டனர். அவ்வேடுகளின் துணையால் டிசம்பரில் மறை மீண்டும் அவிழ்ந்தது.

போர் முடிந்தும் இச்செயல்கள் மறைபொருளாகவே இருந்தன. டூரிங் காத்த நாட்டு மக்கள் அவர் ஆற்றிய தொண்டை அறியார். அக்காலத்து ஆங்கிலச் சட்டம் ஆடவர் இருவரிடையே அமையும் உறவைக் குற்றமெனக் கொண்டது. அச்சட்டத்தின்படி 1952இல் அவர் தண்டிக்கப்பட்டார். அரசின் மறைமொழிப் பணியிலிருந்தும் விலக்கப்பட்டார். 1954 ஜூன் 7ஆம் நாள், தம் 41ஆம் வயதில், நஞ்சினால் உயிர் நீத்தார். பிரிட்டிஷ் அரசு 2009இல் அவருக்கு இழைத்த கொடுமைக்காக வருந்தியது. 2013இல் அரசியார் மன்னிப்பு வழங்கினார். சான்றுகளை எடையிடும் முறை பற்றி அவர் போர்க்காலத்தில் எழுதிய கட்டுரைகள் 2012இல்தான் வெளிவந்தன. 2021இல் பிரிட்டனின் 50 பவுன் தாளில் அவர் உருவம் பொறிக்கப்பட்டது.

ஒரு துளையைக் கண்டு முடிவு கட்டாமல், நூறு துளைகளையும் எண்ணி நிறுத்துப் பார்த்தவர் டூரிங். அவரை நிறுத்துப் பார்த்த நாடோ ஒன்றை மட்டும் கண்டு தீர்ப்பளித்தது. தன் பிழையை உணர அதற்கு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பொருளை ஆராய்வதிலும் மனிதரை மதிப்பதிலும் சான்று அனைத்தையும் நிறுத்துப் பார்த்தலே அறிவுடைமையாகும்.