பள்ளி கட்டிய பெருமகன் புக்கர் டி. வாஷிங்டன்

வெள்ளி விழாக் காணும் நம் கல்விக் கழகத்தின் இம்மலரில், கடல் கடந்த நாடொன்றில் பிறந்து 1915-ஆம் ஆண்டிலேயே மறைந்துவிட்ட ஒருவரின் வரலாற்றுக்கு இடம் எதற்கு என்று இளைஞர்கள் சிலர் எண்ணக்கூடும். பள்ளிக்கூடத்தின் வாசல்வரை சென்று, உள்ளே நுழைய உரிமையின்றித் திரும்பிய சிறுவன் எந்த நாட்டினனாயினும் நமக்கு அயலான் அல்லன். அவ்வாறு திரும்பிய ஒருவர், பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான சிற்றூர்ப் பள்ளிகள் எழுவதற்கு வழி வகுத்தார். அவரே புக்கர் டி. வாஷிங்டன்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், பிராங்க்ளின் மாவட்டத்துப் பண்ணையொன்றில் 1856-ஆம் ஆண்டு அடிமைத் தாய்க்கு மகனாகப் பிறந்தார். தாய் ஜேன் பண்ணையின் சமையற்காரி. மண் தரையும் மரச்சுவரும் கொண்ட குடிசையே வீடு. எசமானர் வீட்டுச் சிறுமியின் புத்தகங்களைச் சுமந்துகொண்டு பள்ளி வாசல்வரை செல்வது அவருக்கு இடப்பட்ட ஊழியங்களுள் ஒன்று. உள்ளே பிள்ளைகள் அமர்ந்து பயிலும் காட்சியை வெளியே நின்று பார்த்துவிட்டுத் திரும்புவார். அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பதையே குற்றமாகக் கருதிய காலம் அது.

1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்து விடுதலை வந்தது. குடும்பம் மேற்கு வர்ஜீனியாவில் மால்டன் என்னும் ஊருக்குப் பெயர்ந்தது. அங்கே உப்புக் காய்ச்சும் உலைகளில் வேலை. மாற்றாந்தந்தை நிரப்பும் பீப்பாய்கள் மீது அடையாளமாக 18 என்ற எண் எழுதப்படும். அவர் வாழ்வில் முதன்முதலாகக் கற்ற எழுத்து அந்த எண்தான். கருப்பின மக்கள் தாமே பணம் திரட்டி ஆசிரியர் ஒருவரை அமர்த்திப் பள்ளி தொடங்கியபோது, வைகறையில் உலை வேலை செய்துவிட்டுப் பள்ளிக்கு ஓடுவார். பின்னர் நிலக்கரிச் சுரங்கத்திலும், ஒரு வெள்ளைப் பெண்மணியின் வீட்டிலும் பணியாற்றினார். 1872-இல் ஏறத்தாழ 500 மைல் தொலைவிலிருந்த ஹாம்ப்டன் கல்வி நிலையத்தை நாடிப் பெரும்பகுதி நடந்தே சென்றார். ரிச்மண்டு நகரில் நடைபாதைப் பலகைக்கு அடியில் படுத்துறங்கினார். கப்பலில் சரக்கு இறக்கிக் கூலி பெற்றார். ஹாம்ப்டனில் அவருக்கு வைத்த நுழைவுத் தேர்வு, ஓர் அறையைப் பெருக்குவது. மூன்று முறை பெருக்கி, நான்கு முறை தூசு துடைத்தார். இடம் கிடைத்தது. பெருக்குவதும் கூட்டுவதும் நம் சமுதாயத்தின் மீது சுமத்தப்பட்ட தொழில்களாதலின், இந்நிகழ்ச்சியைப் படிக்கும்போது நம் நெஞ்சில் பெருமிதமும் கசப்பும் ஒருங்கே எழுவது இயல்பே.

அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி என்னும் சிற்றூரில் கருப்பினத்தாருக்கென ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி தோன்றியதற்கு ஒரு முன்கதை உண்டு. அங்கே முன்னாள் அடிமையும் தகரத் தொழிலாளருமான லூயிஸ் ஆடம்ஸ் என்பவர் செல்வாக்குடன் வாழ்ந்தார். தேர்தலில் கருப்பின மக்களின் வாக்குகளை வேண்டி வந்த வெள்ளை அரசியலாளரிடம் அவர் பணமோ பதவியோ கேட்கவில்லை, பள்ளி கேட்டார். நம் வாக்குகளுக்கு நாம் என்ன விலை கேட்டு வந்திருக்கிறோம் என்பதை இவ்விடத்தில் நினைத்துப் பார்க்கலாம். அரசு ஆண்டுக்கு 2,000 டாலர் ஒதுக்கியது. அது ஆசிரியர் ஊதியத்திற்கு மட்டுமே; நிலத்திற்கும் கட்டடத்திற்கும் ஒரு காசும் இல்லை.

தலைமையேற்க வந்த வாஷிங்டன், 1881-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் ஒரு தேவாலயத்தின் அருகிலிருந்த பாழடைந்த கொட்டகையில் 30 மாணவருடன் பள்ளியைத் தொடங்கினார். மழை பெய்தால் ஒரு மாணவர் எழுந்து ஆசிரியருக்குக் குடை பிடிப்பார். சில திங்களில் ஊர்ப்புறத்தில் கைவிடப்பட்ட 100 ஏக்கர் பண்ணை நிலம் 500 டாலருக்கு விலைக்கு வந்தது. கடன் வாங்கி முன்பணம் கட்டினர். அந்நிலத்திலிருந்த குதிரை லாயமும் கோழிக் கொட்டிலும் வகுப்பறைகள் ஆயின. எழுபது வயது மூதாட்டி ஒருவர் கந்தல் உடுத்திக் கோலூன்றி வந்து, தாம் சேர்த்து வைத்திருந்த ஆறு முட்டைகளைப் பள்ளிக்கெனக் கொடுத்துச் சென்றார். பிற்காலத்தில் பெருஞ்செல்வர் பலரிடம் நன்கொடை பெற்ற வாஷிங்டன், அந்த ஆறு முட்டைகளைப்போல் தம் உள்ளத்தை உருக்கிய கொடை வேறில்லை என்று எழுதிவைத்தார்.

கட்டடத்திற்குச் செங்கல் தேவைப்பட்டது. அவ்வூரில் செங்கற்சூளையே இல்லை. பள்ளி நிலத்தில் களிமண் இருந்தது. ஆனால் கல் அறுக்கவும் சுடவும் தெரிந்தவர் அரியர். முழங்கால் ஆழச் சேற்றில் நின்று மண் மிதிக்க மாணவர் பலர் வெறுத்தனர். படிக்க வந்தது இதற்குத்தானா என்று மனம் நொந்து சிலர் வெளியேறவும் செய்தனர். ஏறத்தாழ 25,000 கல்லை அடுக்கி மூட்டிய முதற் சூளை சரியாக வேகவில்லை. இரண்டாவதும் அவ்வாறே ஆயிற்று. மூன்றாவது சூளை ஒரு வாரம் எரிந்து, இன்னும் சில மணி நேரத்தில் முடியும் என்றிருந்த நள்ளிரவில் சரிந்து வீழ்ந்தது. கையிருப்பு முற்றும் கரைந்தது. முயற்சியைக் கைவிடுமாறு உடனிருந்த ஆசிரியர்களே வேண்டினர். வாஷிங்டன் மாண்ட்கோமரி நகருக்குச் சென்று, தம் கடிகாரத்தை அடகுக் கடையில் 15 டாலருக்கு வைத்து, நான்காவது சூளையை மூட்டினார். அது வெந்தது. கடிகாரம் மட்டும் மீளவில்லை. பின்னர் அச்சூளையின் கல்லை வாங்க வெள்ளையரும் வந்தனர். 1900-ஆம் ஆண்டு வாக்கில் டஸ்கீகியில் எழுந்திருந்த 40 கட்டடங்களில் நான்கு தவிர மற்றனைத்தும் மாணவர் உழைப்பால் ஆனவை.

டஸ்கீகி ஓர் உயர்நிலைக் கழகம். அதனினும் நமக்கு நெருக்கமானது, வாஷிங்டன் தம் இறுதி ஆண்டுகளில் தொடங்கிய சிற்றூர்த் தொடக்கப் பள்ளிப் பணி. அலபாமா வந்த முதல் மாதத்திலேயே அவர் கோவேறு கழுதை வண்டியில் சிற்றூர்களைச் சுற்றிப் பார்த்திருந்தார். பள்ளிகள் ஆண்டில் மூன்று, நான்கு மாதங்களே நடந்தன. தேவாலயமோ, விரிசல் விட்ட மரக்குடிசையோதான் பள்ளி. ஒரே புத்தகத்தை முன்வரிசையில் இருவர் பிடிக்க, அவர்கள் தோளுக்கு மேல் இருவர் எட்டிப் பார்க்க, அந்நால்வரின் தோளுக்கு மேல் ஐந்தாமவன் எட்டிப் பார்த்த காட்சியை அவர் மறக்கவில்லை.

சியர்ஸ் ரோபக் வணிக நிறுவனத்தின் தலைவரான ஜூலியஸ் ரோசன்வால்ட் 1911-இல் அவருக்கு அறிமுகமானார். 1912-இல் தம் ஐம்பதாம் பிறந்தநாளையொட்டி அச்செல்வர் வழங்கிய 25,000 டாலரில் எஞ்சிய ஒரு சிறு தொகையைக் கொண்டு, அலபாமாவில் ஆறு சிற்றூர்ப் பள்ளிகளைக் கட்டிப் பார்க்க வாஷிங்டன் இசைவு பெற்றார். ரோசன்வாலின் நிறுவனமே ஆயத்தக் கட்டடப் பொருள்களை அனுப்பலாம் என்ற பேச்சும் எழுந்தது. வாஷிங்டன் அவ்வழியை மேற்கொள்ளவில்லை. மரம் அவ்வூர்க் காட்டிலேயே இருந்தது. மரம் வெட்டவும் தச்சு செய்யவும் ஊர் மக்கள் இருந்தனர். வெளியிலிருந்து முழுக் கட்டடம் வந்து இறங்குமாயின், அது யாரோ கொடுத்த கட்டடமாகவே நின்றுவிடும்.

முதற் பள்ளி 1913-இல் லோச்சபோக்கா என்னும் ஊரில் முடிந்தது. செலவு 942 டாலர் 50 சென்ட். இதில் ரோசன்வால்ட் தந்தது 300. அவ்வட்டார வெள்ளையர் தந்தது 360. கருப்பின மக்கள் நிலத்திற்கென 150 டாலர் திரட்டினர். அவர்கள் செய்த வேலைக்கு 132 டாலர் 50 சென்ட் மதிப்பிட்டு, அதையும் நன்கொடைக் கணக்கில் ஏற்றினர். ஏழையின் உழைப்பைப் பணத்திற்கு நிகராகக் கணக்கேட்டில் எழுதியதே இத்திட்டத்தின் உயிர்நாடி என்பது என் எண்ணம். வெறுங்கையராய் வந்தவரும் பங்காளர் ஆயினர்.

1914-இல் நூறு பள்ளிகளுக்கு உதவ ரோசன்வால்ட் முன்வந்தார். டஸ்கீகியின் கிளின்டன் கேலோவே ஊர் ஊராக ஒருங்கிணைப்புப் பணி செய்தார். கட்டட வரைபடங்களை அமைத்தவருள் முதன்மையானவர் ராபர்ட் டெய்லர், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பட்டம் பெற்ற முதற் கருப்பினத்தவர். மின்விளக்கு இல்லாத ஊர்களாதலின் உயர்ந்த சன்னல்களை வரிசையாகக் கிழக்கிலும் மேற்கிலும் வைத்தனர். எழுதும் கையின் நிழல் தாளில் விழாதவாறு ஒளி இடப்பக்கத்திலிருந்து வர வேண்டும் என்பதுவரை எண்ணிச் செய்தனர். மலிவான கட்டடம் மட்டமான கட்டடமாக இருக்க வேண்டியதில்லை என்பதற்கு அவை சான்று. கட்டி முடித்த பள்ளியை அரசுக் கல்வித் துறையிடம் ஒப்படைப்பது விதி. அதனால் ஆசிரியர் ஊதியத்தையும் பராமரிப்பையும் அரசு தட்டிக்கழிக்க இயலாமற் போயிற்று.

இதில் ஓர் அநீதி உள்ளதை மறைக்கலாகாது. அம்மக்கள் ஏற்கெனவே வரி செலுத்தியவர்கள். அவ்வரியில் பெரும்பகுதியை வெள்ளைக் குழந்தைகளுக்குச் செலவிட்டுவிட்டு, தம் குழந்தைகளின் பள்ளிக்கு மீண்டும் ஒரு முறை பணமும் உழைப்பும் கேட்டது அரசு. ஒரே பள்ளிக்கு இரண்டு விலை. 1895-இல் அட்லாண்டாவில் ஆற்றிய உரையில், சமூக சமத்துவத்தை வற்புறுத்தாமல் தொழிலையும் உழைப்பையும் முன்வைத்த வாஷிங்டனை, அறிஞர் டுபாய்ஸ் 1903-இல் கடுமையாகக் கண்டித்தார். அக்கண்டனம் நியாயமானதே. எனினும், வாக்குரிமைப் பறிப்பை எதிர்த்து நடந்த வழக்குகளுக்கு வாஷிங்டன் மறைவாகப் பொருளுதவி செய்து வந்தது, அவர் மறைந்து நெடுங்காலம் கழித்து அவருடைய கடிதங்களிலிருந்து தெரிய வந்தது. வெளிப்படப் பேசியிருந்தால் சூளையும் பள்ளியும் நின்றிருக்குமா என்ற கேள்விக்கு, அவர் வாழ்ந்த அலபாமாவை அறியாத நாம் எளிதில் விடை கூறிவிட முடியாது.

1915 நவம்பர் 14-ஆம் நாள் டஸ்கீகியில் அவர் மறைந்தார். பள்ளித் திட்டம் நிற்கவில்லை. அலபாமாவில் ஓர் ஊர்க் கூட்டத்தில், அடிமையாய் வாழ்ந்திருந்த முதியவர் ஒருவர் அழுக்குப் பையை அவிழ்த்துத் தம் வாழ்நாள் சேமிப்பான 38 டாலரை மேசைமீது கொட்டினார். 1932-இல் திட்டம் முடிந்தபோது 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் எழுந்திருந்தன. ஆசிரியர் இல்லங்களும் தொழிற்கூடங்களும் தனி. மொத்தச் செலவு ஏறத்தாழ 284 லட்சம் டாலர். அதில் பெரும்பகுதி அரசின் வரிப்பணம். ரோசன்வால்ட் வழி வந்தது 43 லட்சம். கருப்பின மக்கள் திரட்டியது 47 லட்சம். பெருஞ்செல்வரின் பெயரால் வழங்கும் அப்பள்ளிகளுக்கு அவரினும் மிகுதியாகக் கொடுத்தவர்கள் கூலிகளும் குத்தகை உழவருமே.

1954-இல் பள்ளிகளில் இனப்பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர், அக்கட்டடங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பல இடிந்து வீழ்ந்தன. அழிவின் விளிம்பிலுள்ள வரலாற்றுச் சின்னங்களாக 2002-இல் அவை அறிவிக்கப்பட்டன. எஞ்சியவற்றுட் சிலவற்றை, அங்கே படித்து முதுமையடைந்த மாணவர்களே பணம் திரட்டிப் பழுது பார்த்து, ஊர்க் கூடங்களாக நடத்தி வருகின்றனர்.