காரணம் சொல்லிக் கற்பித்த படைத்தலைவர்

1778ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். வட அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குளிர் நிலவியது. அங்கு வேலி ஃபோர்ஜ் என்னும் இடத்தில் ஜார்ஜ் வாஷிங்டனின் படை முகாமிட்டிருந்தது. பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுதலை பெறப் போராடிய படை அது. வீரர்கள் பலருக்குக் காலணி இல்லை. வயிறார உணவும் இல்லை. நெருக்கமான மரக்குடிசைகளில் நோய் பரவியது. அந்த முகாமில் தங்கியிருந்த மாதங்களில் மட்டும் ஏறத்தாழ 2,000 வீரர்கள் இறந்தனர். அவர்களுள் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது போர் அன்று, நோயே.

துன்பம் சூழ்ந்த அந்த முகாமுக்கு ஐரோப்பியப் படை அதிகாரி ஒருவர் வந்து சேர்ந்தார். அவருக்கு ஆங்கிலம் மிகச் சிறிதளவே தெரியும். அவர்தாம் பிரடெரிக் வில்ஹெல்ம் வான் ஸ்டூபன்.

ஸ்டூபன், 1730ஆம் ஆண்டு பிரஷ்யாவின் மாக்டிபர்க் நகரில் பிறந்தார். அந்நகரம் இன்று ஜெர்மனியில் உள்ளது. அவருடைய தந்தை படைப் பொறியாளர். தந்தையார் ரஷ்யாவில் பணியாற்றியபோது ஸ்டூபனும் சிறுவயதில் அங்கு வாழ்ந்தார். நாடு திரும்பிய பிறகு, பதின்ம வயதிலேயே பிரஷ்யப் படையில் சேர்ந்தார். அக்காலத்தில் பிரஷ்யப் படை கட்டுப்பாட்டுக்குப் பெயர் பெற்றிருந்தது. கட்டளை பிறந்தால் வீரன் கேள்வி கேட்காமல் நிறைவேற்ற வேண்டும். தவறினால் கடுமையான தண்டனை காத்திருக்கும்.

1756ஆம் ஆண்டு ஏழாண்டுப் போர் மூண்டது. 1757இல் பிராக் நகருக்கு அருகிலும் 1759இல் குனர்ஸ்டார்ஃபிலும் நடந்த போர்களில் ஸ்டூபன் காயமடைந்தார். பின்னர், ரஷ்யரிடம் கைதியாகவும் சிக்கினார். விடுதலையான பிறகு, மாமன்னர் பிரடெரிக்கின் தலைமையகத்தில் பணியாற்றும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. படையை நகர்த்துவது, உணவும் தளவாடமும் சேர்ப்பது, வீரர்களைப் பயிற்றுவிப்பது ஆகியவற்றை அங்கு நுணுக்கமாகக் கற்றார். ஆனால், 1763இல் போர் முடிந்ததும் அவர் படையிலிருந்து விலக்கப்பட்டார். அப்போது அவர் கேப்டன் பதவியில்தான் இருந்தார்.

அதன்பின் சிற்றரசர் ஒருவரின் அரண்மனையில் பல ஆண்டுகள் அதிகாரியாக வேலை செய்தார். கடன் பெருகியது. வேறு படைகளில் வேலை தேடினார், கிடைக்கவில்லை. இறுதியில், 1777இல் பாரிஸ் நகரில் அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் பிராங்கிளினைச் சந்தித்தார். பிராங்கிளின் அவருக்கு ஓர் அறிமுகக் கடிதம் எழுதினார். அக்கடிதம் கேப்டனாக இருந்தவரை லெப்டினன்ட் ஜெனரல் என்று உயர்த்திக் கூறியது. அதை ஸ்டூபனும் திருத்தவில்லை. அது உண்மைக்குப் புறம்பான அறிமுகம் என்பதில் ஐயமில்லை. எனினும், அவர் ஊதியம் கேட்கவில்லை. செலவுக்கு மட்டும் பணம் தந்தால் போதும். வெற்றி கிட்டினால் பிறகு ஈடு செய்யலாம் என்ற உடன்பாட்டுடன் பணியை ஏற்றார்.

முகாமில் அவர் கண்ட காட்சி கவலை தருவதாக இருந்தது. ஒவ்வொரு படைப்பிரிவும் ஒவ்வொரு முறையில் பயிற்சி செய்தது. துப்பாக்கி முனையில் பொருத்தும் கத்தியைப் போரில் பயன்படுத்தப் பலருக்குத் தெரியவில்லை. எங்கும் குப்பை கிடந்தது.

ஸ்டூபன் முதலில் ஏறத்தாழ 100 பேரைத் தேர்ந்தெடுத்து, மார்ச் மாதத்தில் பயிற்சியைத் தொடங்கினார். வீரர்களைப் பயிற்றுவிப்பது கீழ்நிலை அதிகாரிகளின் வேலை என்று அக்காலத்தில் கருதப்பட்டது. அவரோ தாமே துப்பாக்கியை ஏந்தி, ஒவ்வோர் அசைவையும் செய்து காட்டினார். இரவில் பாடங்களைப் பிரெஞ்சு மொழியில் எழுதுவார். உதவியாளர்கள் அவற்றை ஆங்கிலத்தில் பெயர்ப்பார்கள். பயிற்சியில் தவறு நேர்ந்தால் ஜெர்மன் மொழியிலும் பிரெஞ்சு மொழியிலும் திட்டித் தீர்ப்பார். போதாதென்று, ஆங்கிலத்திலும் திட்டும்படி உதவியாளரை வேண்டுவார். வீரர்கள் சிரித்துவிடுவார்கள். பயிற்சி பெற்றவர்கள் தத்தம் பிரிவுகளுக்குத் திரும்பி, மற்றவர்களுக்குக் கற்பித்தார்கள்.

விரைவிலேயே ஸ்டூபன் ஓர் உண்மையை உணர்ந்தார். பிரஷ்ய வீரனுக்குக் கட்டளை மட்டும் போதும். அமெரிக்க வீரர்களோ விருப்பத்தோடு போராட வந்த உழவர்கள், கைவினைஞர்கள். ஒரு செயலை ஏன் செய்ய வேண்டும் என்று விளக்கினால்தான் அவர்கள் மனம் ஒன்றிச் செய்வார்கள். ஆகவே, மாணவர்களைத் தம் வழக்கத்திற்கு வளைக்காமல், தம் கற்பிக்கும் முறையை மாற்றிக்கொண்டார். முகாமின் தூய்மையிலும் கருத்துச் செலுத்தினார். சமையலிடமும் கழிப்பிடமும் ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்க வேண்டும் என விதித்தார்.

மே மாதத்தில் அவர் மேஜர் ஜெனரலாகவும் படையின் தலைமை ஆய்வாளராகவும் நியமிக்கப்பட்டார். ஜூன் 28ஆம் நாள் மான்மவுத் என்னும் இடத்தில் போர் நடந்தது. தொடக்கத்தில் பின்வாங்கிய அமெரிக்கப் படை, மீண்டும் அணிவகுத்து நின்று பிரிட்டிஷ் படையை எதிர்கொண்டது. யாருக்கும் முழு வெற்றி கிட்டவில்லை. ஆயினும், சிதறி ஓடாமல் நின்றதே பயிற்சியின் பயனாயிற்று.

அடுத்த குளிர்காலத்தில் ஸ்டூபன் படைப்பயிற்சி நூல் ஒன்றை உருவாக்கினார். 1779இல் அச்சான அந்நூல், அட்டையின் நிறத்தால் 'நீல நூல்' எனப் பெயர் பெற்றது. அதிகாரிகள் வீரர்களை அன்போடும் மனிதநேயத்தோடும் நடத்த வேண்டும் என்று அது வலியுறுத்தியது. 30 ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்கப் படை அதைப் பின்பற்றியது. 1781இல் யார்க்டவுன் முற்றுகையில் ஸ்டூபன் ஒரு படைப்பிரிவுக்குத் தலைமை தாங்கினார். அங்குப் பெற்ற வெற்றி விடுதலைக்கு வழி வகுத்தது.

1783 டிசம்பரில் வாஷிங்டன் தம் தலைமைப் பொறுப்பைத் துறந்தார். அந்நாளில் அவர் ஸ்டூபனுக்கு நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினார். ஸ்டூபன் அமெரிக்கக் குடிமகனானார். நியூயார்க் மாநிலம் அவருக்கு 16,000 ஏக்கர் நிலம் வழங்கியது. இருப்பினும், வரவுக்கு மீறிச் செலவிட்டதால் கடன் அவரை விடவில்லை. 1790இல் ஆண்டுக்கு 2,500 டாலர் உதவித்தொகை கிடைத்த பிறகே நிலைமை சற்றுச் சீரடைந்தது. 1794 நவம்பர் 28ஆம் நாள், தம் நிலத்திலிருந்த மரவீட்டில் அவர் காலமானார்.

ஒரு கடிதம் ஸ்டூபனுக்கு இல்லாத பதவியைத் தந்தது. அக்கடிதம் முகாமின் வாசல்வரைதான் அவருக்குத் துணை நின்றது. அதற்கு அப்பால் அவருக்குத் துணை நின்றவை அவர் கற்ற கல்வியும், அதைக் கற்பவரின் இயல்பறிந்து ஊட்டிய பொறுமையுமே.