மயோரானாவின் தயக்கம்

அறிவியல் கண்டுபிடிப்பு ஒன்று ஆரவாரத்துடன் அறிவிக்கப்பட்டுப் பின்னர் திரும்பப் பெறப்படும்போதெல்லாம் எனக்கு எத்தோரே மயோரானாவின் நினைவு வரும். கண்டறிந்ததை வெளியிடவே தயங்கிய மேதை அவர்.

1906-இல் சிசிலித் தீவின் கத்தானியா நகரில் பிறந்தவர். பொறியியல் படிப்பைக் கைவிட்டு, ரோம் நகரில் என்ரிக்கோ ஃபெர்மியின் குழுவில் இணைந்தார். ஃபெர்மியின் எண் அட்டவணையைத் தாமே கணக்கிட்டுச் சரிபார்த்த பிறகே அவர் இயற்பியலுக்கு மாறினார் என்பர். அணுக்கருவைப் பிணைக்கும் விசை குறித்துத் தாம் கண்டதை வெளியிடுமாறு ஃபெர்மி வற்புறுத்தியும் அவர் இணங்கவில்லை. 1932-இல் ஹைசன்பர்க் முந்திக்கொண்டார். மறு ஆண்டு லைப்சிக்கில் அந்த ஹைசன்பர்க்கே ஊக்குவித்த பிறகுதான் மயோரானாவின் கட்டுரை அச்சேறியது.

தானே தனக்கு எதிர்த்துகளாக அமையும் துகள் இருக்கக்கூடும் என்று 1937-இல் அவர் எழுதினார். அவ்வாண்டே நேப்பிள்ஸ் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவி அளித்தது. 1938 மார்ச்சில் பலெர்மோவுக்குக் கப்பலேறியவர் பணிக்குத் திரும்பவேயில்லை. அப்போது வயது 31.

அவர் எழுதிய சமன்பாட்டின் சாயல் இன்று மீக்கடத்திகளில் தேடப்படுகிறது. இடவியல் மீக்கடத்தி எனப்படும் நிலையை எட்டிய நுண்கம்பியின் இரு முனைகளிலும் மயோரானா நிலைகள் தோன்றும் என்பது கோட்பாடு. பிழை தாங்கும் குவாண்டம் கணினிக்கு அவை உதவும் என்ற நம்பிக்கையே இத்தேடலின் உந்துவிசை. மின்னழுத்தம் சுழியாகும்போது கடத்துதிறன் உச்சம் காட்டினால், அதுவே அவற்றின் தடயம். 2012-இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஆய்வாளர்கள் அத்தகைய உச்சத்தைக் கண்டனர். ஆனால், கம்பியிலுள்ள மாசுகளும் குறைபாடுகளும்கூட அதே உச்சத்தைத் தரவல்லவை. 2018-இல் 'நேச்சர்' இதழில் வெளியான, இன்னும் உறுதியான சான்று எனக் கருதப்பட்ட கட்டுரை, விடுபட்ட தரவுகளையும் சேர்த்து ஆராய்ந்தபோது நிலைக்கவில்லை. 2021-இல் திரும்பப் பெறப்பட்டது.

மயோரானாவைப் போல மௌனம் காப்பது தீர்வாகாது. அதனால் அறிவியலுக்கு இழப்பே. ஆயினும், அவரிடம் நாம் கற்க வேண்டியது ஒன்றுண்டு. விரும்பிய விடை கிடைத்த கணத்திலேயே ஐயம் தொடங்க வேண்டும். ஒற்றைத் தடயத்தை நம்பாமல், வேறு எளிய விளக்கம் உண்டா என்று தேடித் தோற்ற பிறகே வெற்றியை அறிவிக்க வேண்டும். நிதி வழங்குவோரும் செய்தி வெளியிடும் நாமும் அந்தப் பொறுமைக்கு இடம் தராவிட்டால், திரும்பப் பெறப்படும் கட்டுரைகளுக்கு ஆய்வாளர்களை மட்டும் குறைகூறிப் பயனில்லை.